முதல் காப்பு

மார்ச் பதினான்காம் தேதி, காலை பதினொன்றே கால் மணி. சீட் கேட்டு எட்டுப் பேர் காத்திருந்த அறைக்குள் தலைவரின் உதவியாளர் தலையை நீட்டி, அந்த எட்டில் சேராத ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார்: பூவராகன்.

கரை வேட்டியைப் பார்த்துத்தானே சார் எந்தத் தொகுதி என்று கேட்டீர்கள்? வெள்ளாற்றூர் என்றேன். உடனே, "ஓ, அந்தத் தூதர் நின்ற தொகுதியா" என்றீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நின்றவர் பெயர் தெரிகிறது, நிற்க வைத்தவன் பெயர் ஒருத்தருக்கும் தெரியவில்லை. என் பெயர் தெய்வசிகாமணி. ஒன்றியச் செயலாளர். இருபத்திரண்டு வருஷமாக ஒன்றியச் செயலாளர். வண்டி விழுப்புரம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

அந்த எட்டில் நானும் ஒருத்தன். அதற்கு முன்னால் மூன்று தேர்தலில் விருப்ப மனு கொடுத்து, மூன்று தடவையும் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு வேறு ஆசை கிடையாது சார். நிலம் வேண்டாம், பங்களா வேண்டாம். ஒரு தடவை எம்.எல்.ஏ. ஆக வேண்டும். கட்சிக்காக மறியலில் உட்கார்ந்து இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவன். அதில் ஒரு தடவை பதினைந்து நாள். கேட்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா?

பூவராகன் உள்ளே போனார். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போனார், அதைச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்தில் வெளியே வந்து எங்கள் எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டார். சீட் கிடைக்காதவன் அப்படி நிதானமாகக் கும்பிட மாட்டான்.

பிறந்தது எங்கள் தொகுதிதான். பதினேழு வயதில் படிக்கப் போனவர், வெளியுறவு வேலையில் சேர்ந்து முப்பத்து நான்கு வருஷம் நாடு நாடாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுத் திரும்பியிருக்கிறார். கடைசியாகத் தூதராக இருந்த நாட்டின் பெயரைச் செயல்வீரர்கள் கூட்டத்தில் அவரே சொன்னார். எனக்கு மட்டுமில்லை, மேடையில் இருந்த ஒருத்தருக்கும் அது வாயில் நுழையவில்லை. மாவட்டச் செயலாளர் "பல வெளிநாடுகளில்" என்று சொல்லிச் சமாளித்தார்.

உதவியாளர் என் தோளில் கை போட்டு, "சிகாமணி அண்ணே, அவருக்கு ஊர் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டேன். அவர் தோற்க வேண்டும் என்று நான் நினைத்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன் சார், அப்படி நினைக்கவில்லை. ஜெயித்தால் கட்சிக்கு நல்லது, தோற்றால் அடுத்த முறை எனக்கு. இரண்டுக்கும் தயாராக இருந்தேன், அவ்வளவுதான்.

ஓட்டுக் கேட்கப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, இந்த மனுஷனுக்கு வாக்குறுதி கொடுக்க வராது. செங்கால்மேட்டில், அது என் சொந்த ஊர், அஞ்சலை என்று ஒரு பெண்பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம், ஜீப்பை மறித்துக்கொண்டு சுடுகாட்டுக்கு ரோடு போட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். போடுவேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவர் கீழே இறங்கினார். ரோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டார். பிறகு, "நான் அமைச்சரிடம் எடுத்துச் சொல்வேன் அம்மா. அவர் என்ன பதில் சொல்கிறாரோ அதைத் திரும்பி வந்து உங்களிடம் சொல்வேன்" என்றார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. காதோரமாக, போடுவேன் என்று சொல்லுங்கள் சார் என்றேன். முடியுமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஜீப் கிளம்பும்போது அஞ்சலை சத்தமாகச் சொல்கிறாள்: "ஜெயிச்சவன் எவனும் இந்தப் பக்கம் திரும்புனதே இல்ல. இவரு இல்லைன்னு சொல்றதுக்காவது வருவாரு போலருக்கு."

அதை அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. எதிர்க்கட்சி வேட்பாளரின் வண்டி எதிரே வந்தால் நாம் என்ன செய்வோம்? மைக் சத்தத்தைக் கூட்டுவோம். இவர் இறங்கிப் போய்க் கை கொடுத்து, அவனுடைய அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வருகிறார். நம் பையன்களுக்குக் கோஷம் போடவே வாய் வரவில்லை.

இந்த லட்சணத்தில் போனால் நடக்காது என்றுதான் காப்பு விஷயத்தை அவரிடம் எடுத்தேன். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

செங்கால்மேடு எங்கள் ஊர். பக்கத்திலேயே ஓடைப்பட்டு, அது என் மனைவி தையல்நாயகியின் ஊர். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரௌபதி அம்மன் கோயில். சித்திரையில் தீமிதி. பதினெட்டு நாள் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசியில் நெருப்பில் இறங்குவார்கள். திருவிழா தொடங்க வேண்டுமானால் முதலில் இரண்டு ஊர் நாட்டாமைகளுக்கும் கையில் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி. ஒரு வருஷம் இவர்களுக்கு, ஒரு வருஷம் அவர்களுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சித்திரையில், ஓடைப்பட்டு முறை அது, பழைய பூசாரிக்குக் கண் சரியாகத் தெரியாது, பக்கத்தில் நீட்டின கையில் கட்டிவிட்டார். அது எங்கள் சித்தப்பா ராமானுஜத்தின் கை. அவர்தான் எங்கள் ஊர் நாட்டாமை. அவர் ஏன் கையை நீட்டினார் என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கல் பறந்தது, போலீஸ் வந்தது, கோயில் பூட்டியது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் தீமிதி இல்லை. இரண்டும் ஒரே சாதி சார், பெண் எடுப்பது கொடுப்பது எல்லாம் உண்டு. ஓடைப்பட்டு நாட்டாமை சிங்காரவேலு என் மனைவிக்குப் பெரியப்பா முறை. இருந்தும் அவரும் எங்கள் சித்தப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. பங்காளிச் சண்டைக்கென்றே இருக்கிற சாமி, அதனிடம் போய் என்ன சொல்வது.

அந்தப் பத்தொன்பது வருஷமும் சமாதானம் பேசியது யார்? நான். ஒவ்வொரு பங்குனியிலும் ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் கூட்டுவேன். பிரியாணி போடுவேன். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை பேசுவோம். முடிவில், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று கலைவோம். ஒரு தடவைகூடக் கைகலப்பு வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தில் அவ்வளவு நீளமான பேச்சுவார்த்தையை நடத்தியவன் வேறு யாரும் இல்லை.

அதில் ஓட்டுக் கணக்கும் இருக்கிறது. ஓடைப்பட்டு அந்தக் கட்சிக்குப் போடுகிறது என்பதாலேயே செங்கால்மேடு நமக்குப் போடும். நாம் எதுவும் செய்ய வேண்டாம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் தூதரிடம், "நாட்டுக்கும் நாட்டுக்கும் பேசி முடித்தவர் நீங்கள், இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பத்தொன்பது வருஷம் என்னாலேயே முடியாதது அவரால் முடியாது என்று தெரியும். முயற்சி செய்தார் என்று பேர் வருமே என்றுதான்.

அவர் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு பக்கமும் போய் வந்து பேசுகிறவர்கள் யார் என்றார். நான்தான் என்றேன். உங்களைத் தவிர என்றார். யாரும் இல்லை என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

அவருக்கு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எதைப் போட்டாலும் சாப்பிடுவார், இன்னொரு கரண்டி கேட்பார். அந்த வேலைக்குச் சேரும்போதே அப்படிப் பழக்குவார்களாம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி அப்படியே போய்விடாமல், அடுப்படி வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என் மனைவி தையலோடு பேசிக்கொண்டிருப்பார். ஓடைப்பட்டில் யார் யாருக்கு என்ன உறவு, சிங்காரவேலு எதற்குக் கோபப்படுவார், ராமானுஜம் மாமாவுக்கு உடம்பு எப்படி, இந்த மாதிரி. பெண்கள் பேச்சு. நான் அந்த நேரத்தில் பூத் கமிட்டிக்குப் போன் செய்துகொண்டிருப்பேன். வேட்பாளருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் தையல் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். யாரோ ஒரு பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு என்றாள். திரும்பி வந்து மறுநாள் ராமானுஜம் சித்தப்பா வீட்டுக்கு ரசப்பொடி கொண்டுபோனாள். அதற்கடுத்த நாள் மறுபடி ஓடைப்பட்டு. அவள் எங்கே போகிறாள் என்று நான் கேட்பதில்லை. நம் தலைமேல் தேர்தல் இருக்கிறது.

நாலாம் நாள் சிங்காரவேலு மாமா எனக்குப் போன் செய்கிறார். "மாப்ள, உங்க ஊர்க்காரங்களே எறங்கி வந்து கேக்கும்போது, நாம என்னத்த முறுக்கிக்கிட்டு நிக்கிறது? நடத்திப்புடலாம்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரே சித்தப்பாவிடம் ஓடினேன். அவர் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, "அவனே ஆள் அனுப்பிக் கேட்டுட்டான் சிகாமணி. இனிமே நான் பிகு பண்ணா நல்லாருக்காது" என்கிறார்.

வீட்டுக்கு வந்து தையலைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருடி முதல்ல கேட்டது?"

"ரெண்டு பேரும்தாங்க."

"ரெண்டு பேரும் எப்படி முதல்ல கேப்பாங்க?"

"அவங்ககிட்ட இவங்க கேட்டாங்கன்னேன். இவங்ககிட்ட அவங்க கேட்டாங்கன்னேன். ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல ஆச்சு. சாகறதுக்குள்ள ஒரு தீமிதி பாக்கணும்னு இருக்கு. வாயத் தொறந்து யாரு சொல்றதுன்னுதான்."

பொய் சார். பச்சைப் பொய். பத்தொன்பது வருஷப் பேச்சுவார்த்தையில் நான் ஒரு பொய் சொன்னதில்லை. இவன் உன்னைத் திட்டினான் என்றால் திட்டினான் என்றுதான் போய்ச் சொல்வேன், ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். தூதரிடம் போய்ப் புகார் சொன்னேன், என் மனைவி இப்படிச் செய்துவிட்டாள், நாளைக்குத் தெரிந்தால் வெட்டுக் குத்தாகிவிடும் என்று. "இரண்டு பேரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், சிகாமணி. அம்மா அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்" என்றார். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கிக் கற்றுக்கொண்டது இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

மிச்ச ஏற்பாடெல்லாம் அவர் மூளை. கருவறைக்கு ஒரே வாசல், அதனால் காப்பைக் கோயிலுக்குள் கட்ட வேண்டாம், முன்னால் பந்தல் போடுங்கள் என்றார். பந்தலுக்கு இரண்டு வாசல், ஒன்று செங்கால்மேட்டைப் பார்த்து, ஒன்று ஓடைப்பட்டைப் பார்த்து, இரண்டும் ஒரே அகலம். இரண்டு நாட்டாமைகளும் ஒரே நேரத்தில் உள்ளே வர வேண்டும். பூசாரிகள் இரண்டு பேர், இப்போதைய பூசாரியும் அவர் தம்பியும். மணி ஒன்று. மணி அடித்ததும் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் கட்டிவிட வேண்டும். திருவிழா நோட்டீஸ்கூட இரண்டு வகை. எங்கள் ஊரில் ஒட்டுகிற நோட்டீஸில் செங்கால்மேடு முதலில், அவர்கள் ஊரில் ஒட்டுவதில் ஓடைப்பட்டு முதலில். நாடுகளுக்குள் ஒப்பந்தம் போடும்போது அப்படித்தானாம். அவரவர் பிரதியில் அவரவர் பெயர் முன்னால் வருமாம். பெரிய பெரிய நாடுகளே இப்படித்தான் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நோட்டீஸில் நம் வேட்பாளர் பெயரை எந்த அளவில் போடுவது என்று கேட்டேன். போடக் கூடாது என்றார். தேர்தல் விதி ஒரு பக்கம் இருக்கட்டும், விதி இல்லாவிட்டாலும் போடக் கூடாது, நாம் நடத்தி வைத்தோம் என்று தெரிந்தால் அது அவர்கள் சமாதானம் ஆகாது என்றார். பெயர் போடாமல் ஒரு நல்ல காரியம் செய்வதற்கு அரசியலுக்கு எதற்கு வர வேண்டும்? சும்மா வீட்டிலேயே செய்யலாமே.

காப்புக் கட்டு அன்று அவர் அந்தப் பக்கமே வரவில்லை. நான் போனேன். சால்வை இரண்டு வாங்கி வைத்திருந்தேன், பேச்சும் எழுதி வைத்திருந்தேன். இரண்டு ஊர் ஜனமும் இரண்டு பக்கம். மணி அடிக்க ஆள் வேண்டும். இந்த ஊர்க்காரன் அடித்தால் அந்த ஊர் ஒத்துக்கொள்ளாது, அந்த ஊர்க்காரன் அடித்தால் இந்த ஊர் ஒத்துக்கொள்ளாது. நான் அடிக்கிறேன் என்றேன், சிரித்தார்கள். கடைசியில் தையலை அடிக்கச் சொன்னார்கள். அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள், வேறு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அடித்தாள். இரண்டு கயிறும் ஏறின. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சிங்காரவேலு மாமா கேட்டார்: "என்னா ராமானுஜம், எளைச்சுப் போயிட்ட?"

"சக்கரை."

"எனக்கும்தான்."

அவ்வளவுதான் சார். பத்தொன்பது வருஷம் கழித்துப் பேசின பேச்சு. அதற்கு ஜனங்கள் அழுகிறார்கள். எங்கள் சித்தி, அந்த அம்மா யாருக்கும் அழுது நான் பார்த்ததில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் சால்வையைப் பிரிப்பதற்குள் எல்லாரும் கலந்துவிட்டார்கள். பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் நான் தூதரிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள் என்று. சண்டைதான் நம் ஓட்டு, அதை எடுத்துவிட்டீர்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் முழுக்கக் கேட்டார். "உங்கள் கவலை புரிகிறது" என்றார். அந்த மனுஷனுக்கு எல்லாம் புரியும்.

ஓட்டு எண்ணினால், இரண்டு ஊரிலும் அவருக்கே விழுந்திருந்தது. ஓடைப்பட்டில் நம் கட்சி அத்தனை ஓட்டு வாங்கியது சரித்திரத்திலேயே கிடையாது. நான் பூத் வேலையை அவ்வளவு கச்சிதமாகச் செய்திருந்தேன்.

ஜெயித்த பிறகு சும்மா சொல்லக் கூடாது, எனக்கு மதிப்புக் கூடிவிட்டது. எம்.எல்.ஏ. பாதி நாள் சென்னையில். அதனால் காலை ஏழு மணிக்கே என் வீட்டில் கூட்டம். "அக்கா இருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நேரே என்னிடம் பேசக் கூச்சம், அதுதான் காரணம். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே போகிறவன் என்னைத் தாண்டித்தானே போக வேண்டும்? வணக்கம் வைக்காமல் ஒருத்தன் போனதில்லை. தாசில்தார் தையலின் நம்பருக்குத்தான் கூப்பிடுவார். என் லைன் எப்போதும் பிஸி என்று அவருக்குத் தெரியும். முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டை, பள்ளிக்கூடச் சுவர் என்று சின்னச் சின்ன விஷயமெல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். பெரிய விஷயங்களுக்காக நான் காத்திருந்தேன்.

தூதர் ஒன்று செய்தார். சுடுகாட்டு ரோடு பற்றி அமைச்சரிடம் கேட்டுவிட்டு, இந்த வருஷம் நிதி இல்லையாம் என்று அஞ்சலை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடி விழும் என்று நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அவள் மோர் கொடுத்து அனுப்பினாள். மறு வருஷம் ரோடு வந்தது, அது வேறு விஷயம்.

பதின்மூன்று மாதம் அப்படி ஓடியது. ஜூன் மாதம் அவர் ராஜினாமா செய்துவிட்டார். எங்கேயோ இரண்டு நாட்டுக்குள் சண்டையாம், நடுவில் உட்கார்ந்து பேச இவரைத்தான் கேட்கிறார்களாம். ஓட்டுப் போட்டவர்களுக்கு ஐந்து வருஷம் என்றுதானே சார் பேச்சு? அதை அவரிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டார். பதில் நீளமாகச் சொன்னார், அழகாகத்தான் இருந்தது, என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய் அவரே விஷயத்தைச் சொன்னார், அந்த ஒழுங்கு உண்டு. செங்கால்மேட்டில் ஜீப்பைப் பார்த்ததும் அஞ்சலை வந்து நின்றாள். "என்னா சார், இல்லைன்னு சொல்ல வந்திருக்கீங்களா?" ஆமாம் அம்மா என்றார். கும்பிட எடுத்த கை பாதியிலேயே நின்றது. நான் பார்த்தவரையில் அந்த மனுஷன் தடுமாறினது அங்கே மட்டும்தான்.

கிளம்புகிற அன்று என் கையைப் பிடித்து, "உங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதை மறக்க மாட்டேன். தலைவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ உழைப்பை ஒருத்தராவது எடுத்துச் சொன்னாரே.

இடைத்தேர்தல் அறிவித்தார்கள். நேர்காணலுக்குத் தலைமையிலிருந்து போன் வந்தது. தையல்நாயகி என்று பெயர் சொன்னார்கள். எங்கேயோ குழப்பம். நானே திருப்பிக் கூப்பிட்டு, ஒன்றியச் செயலாளர் பெயர் தெய்வசிகாமணி, தையல்நாயகி அவர் மனைவி, சரியாகப் பதிந்துகொள்ளுங்கள் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பதிந்துகொள்கிறோம் என்றார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேருமாகப் போனோம். அவளைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். இந்தக் காலத்தில் வேட்பாளரின் குடும்பத்தைப் பற்றியும் விசாரிக்கிறார்கள், அதற்காக இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். நேரம் ஆயிற்று. வெளியே வந்தவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, தலைவரே என்னைய நிக்கச் சொல்றாரு. நான் கேக்கலைங்க, அவருதான் கேட்டாரு. நீங்க வேணாம்னா வேணாம்."

தலைவரே வாய்விட்டுக் கேட்ட பிறகு நான் எப்படி வேண்டாம் என்பேன்? அந்த மரியாதைகூடத் தெரியாதவனா நான்? சரி என்றேன். அப்புறம் தண்ணீர் குடித்தேன்.

படி இறங்கும்போது அந்த உதவியாளர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பெரிய மனசுண்ணே உங்களுக்கு. எனக்கு வேண்டாம், என் சம்சாரத்துக்குக் கொடுங்கன்னு நீங்கதான் முதல்ல சொன்னீங்களாமே. அக்கா தலைவர்கிட்ட சொன்னாங்க. தலைவருக்குக் கண் கலங்கிடுச்சு" என்றார்.

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருக்கலாம் சார். விட்டுக்கொடுக்கிற சுபாவம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எந்த நேரத்தில் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா? கட்சிக்காரர்களிடம் நானே இப்போது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

போஸ்டரில் என் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தேன். அவளுக்கு அனுபவம் இல்லை, ஜனங்களுக்கு ஒரு தைரியம் வரட்டும் என்று. அதை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டாள். பிரசாரத்தில் அவள் பேசியது மொத்தமே ஐந்து நிமிஷம் இருக்கும். முடியுமா என்று பார்க்கிறேன், வந்து சொல்கிறேன், இதுதான் பேச்சு. அந்த ஆள் போனாலும் பழக்கம் போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த பேச்சை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வாள். நல்லா இருக்குங்க என்பாள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

நீங்கள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

டிசம்பர் நான்காம் தேதி காலை பத்து மணிக்குச் சபாநாயகர் அறையில் தையல்நாயகி பதவி ஏற்றுக்கொண்டாள். கூட உள்ளே போக நாலு பேருக்குத்தான் அனுமதி என்றார்கள். ராமானுஜம் சித்தப்பாவும் சிங்காரவேலு மாமாவும் மாவட்டச் செயலாளரும் அஞ்சலையும் உள்ளே போனார்கள். நான் வராந்தாவில் அவர்களுடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.